ரெங்கசாமி தராத டீ

அம்மாக்கண்ணு அக்கா சொன்ன இந்தக் கதையை நான் பல வருடங்களாகச் சந்தேகித்து வந்திருக்கிறேன். ஆனால் தோட்டமே அதை நம்பியது.

கேமரன் மலையில், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், அக்காவுக்கு அடுத்த வீடு ரெங்கசாமி. எழுபத்தெட்டாம் வருடம் அவர் மனைவி நவமணிக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன. பேச்சும் போயிற்று.

"வாதம் வந்தவளுக்கு ஒரு வாய் டீ குடுக்க மாட்டேங்கிறான் தம்பி," என்பார் அக்கா. "இந்தக் குளிர்ல, தேயிலைத் தோட்டத்துல, காலையில டீ இல்லாம யாராச்சும் இருப்பாங்களா?"

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நடுவுல பலகைச் சுவருதானே. 'டீயெல்லாம் கிடையாது, கம்முனு கெட'ன்னு கத்துறான். அவ அழுவுறா. மனுசனா அவன்?"

அக்காவுக்கு, தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் கொட்டகையில் வேலை. கொஞ்சம் தாமதமாகப் போனால் போதும். ரெங்கசாமி காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் பேர் கொடுக்கக் கிளம்பியதும், பின்கதவு வழியாகப் பால் டீயோடு நுழைந்துவிடுவார்.

"ஊர்க்கதை எல்லாம் சொல்லிக்கிட்டே ஊட்டுவேன். கணக்கெழுதுற கருப்பையா கிராணி சேத்துல வழுக்கி விழுந்ததைச் சொன்னேன் பாரு, அன்னைக்குத்தான் சிரிச்சா. என் டீதான் தம்பி அவள எழுப்புச்சு."

எனக்கு ஒட்டவில்லை. நவமணியை முதுகில் சுமந்து சரிவில் இறங்கி, லோரியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் ரெங்கசாமி. அதே தோட்டத்தில் இருந்த நானே அதைப் பார்த்திருக்கிறேன். அப்படிச் சுமக்கிற மனிதர் ஒரு குவளை டீயை ஏன் மறுக்க வேண்டும்?

போன மாதம் கியா பார்ம் சந்தையில் அவர்கள் போட்டிருக்கும் காய்கறிக் கடைக்குப் போனேன். நவமணி வலது கையால் தக்காளியை அள்ளிக்கொண்டிருந்தார். ரெங்கசாமி பின்னால் கூடை கழுவிக்கொண்டிருந்தார்.

"அக்கா குடுத்த டீயிலதான் எந்திரிச்சியாமே?" என்றேன்.

நவமணி சிரித்தார். "அந்த டீயாலதான் அண்ணே எந்திரிக்காமக் கெடந்தேன்."

"என்ன சொல்ற?"

"வாதத்தோட எனக்குத் தைராய்டும் கொறைவு. எந்நேரமும் தூக்கம், குளிரு. கைகால் பயிற்சிக்கு ஒடம்பு ஒத்துழைக்கல. ஈப்போ டாக்டரு மாத்திரை குடுத்தாரு. வெறும் வயித்துல போடணும், ஒரு மணி நேரம் டீ ஆகாது. எனக்கு அது அப்ப எங்க புரிஞ்சுது? அழுவேன். இவரு கத்துவாரு. இவரு போனதும் அக்கா டீயோட வந்துருவாங்க. மறுபடி ரத்தம் எடுத்துப் பாத்தா, தைராய்டு ஏறவே இல்ல."

"அப்புறம்?"

"ஒரு நாள் இவருகிட்டயே 'அக்கா, டீ'ன்னு சொல்லிட்டேன். வாதம் வந்தப்புறம் என் வாயில வந்த மொத வார்த்த அதான்."

"அக்காகிட்ட சண்டைக்குப் போனாரா?"

"இல்லலா. மறுநாள்லேருந்து சீக்கிரமே எழுப்பி மாத்திரைய போட்டுவிட்டாரு. அக்கா டீயோட வர்றதுக்குள்ள ஒரு மணி நேரம் ஓடிப்போயிரும். கொஞ்சங்கொஞ்சமா எனக்கும் தெம்பு வந்துச்சு."

"ஆனா அதுக்கப்புறமும் இவரு கத்துறது நிக்கலைன்னாங்களே அக்கா?"

நவமணி பின்னால் ஒரு முறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"நானும் கேட்டேன். பேச்சு திரும்பணும்னா தெனம் பேச ஆள் வேணும்னு டாக்டரு சொல்லியிருந்தாராம். லயத்துல எல்லாரும் மொத வாரம் வந்து பாத்தாங்க. அதோட சரி. 'நான் கத்தாட்டி அந்தம்மா வராது, விடு'ன்னுட்டாரு."

"அங்க என்னா கதை? தராச பாரு," என்றார் ரெங்கசாமி, கூடையிலிருந்து தலையை எடுக்காமல்.

அன்று மாலையே அக்கா வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"ஊரெல்லாம் அந்த மனுசன ஏசினேனே. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமே தம்பி. டீ இல்லாமலே போயி அவகிட்ட பேசிக்கிட்டு இருந்திருப்பேனே."

"தினமும் போயிருப்பீங்களா, அக்கா?" என்று கேட்டேன்.