தலைவரின் சால்வை

சேவூர் கல்யாண மண்டபத்து இதய முகாமில் தலைவர் ஜெகநாதன் முக்கால் மணி நேரமாக மைக்கில் ஊராரின் உயிரைக் காப்பாற்றிக்கொண்டிருக்கிறார். மேடைக்குக் கீழே டாக்டரம்மா, நெசவுக்காரி கெங்கம்மாளின் வீங்கிய விரல்களைத் தொட்டுப் பார்க்கிறார். "வாரத்துக்கு ஒரு மாத்திரை, அதையும் நிறுத்திட்டீங்களா? முடக்குவாதம் மூட்டோட நிக்காதுங்க, இதயத்தையும் கெடுக்கும்." "அது கெடக்குதும்மா. இழை முடியறதுக்கு வெரலு வருமா?" "வீக்கம் அடங்குனா ரெண்டுக்கும் நல்லதுங்க. மாத்திரைய விடாதீங்க." கைதட்டலோடு இறங்கிவரும் தலைவரின் பட்டுச் சால்வை ஓரத்தில் ஒரு முடிச்சு அவிழ்ந்து, இழைகள் ஜன்னல் வெயிலில் மினுங்குகின்றன. ஆறு மாதமாகப் பட்டைத் தொடாத கெங்கம்மாளின் கை தானாக நீண்டு அவற்றைப் பிடிக்கிறது. பக்தியென்று நினைத்த தலைவர், "நல்லா இரும்மா" என்று கேமராவைப் பார்த்துச் சிரித்தபடி நிற்கிறார். இழைகளை முடியப் பார்த்தால் கட்டைவிரலும் சுட்டுவிரலும் சேர மறுக்கின்றன. இன்னொரு படம் எடுக்கட்டும் என்று கெங்கம்மாள் வேண்டிக்கொள்கிறாள்.