ஜன்னலின் உயரம்

கடற்கரை ஓட்டல் ஒன்றின் மேல் தமயந்தி வழக்குப் போட்டிருந்தாள். அவளுடைய சக்கர நாற்காலி எந்த அறைக்குள் நுழையும் என்று அவர்களுடைய இணையதளம் ஒரு வரிகூடச் சொல்லவில்லை. படங்கள் மட்டும் நாற்பது. அத்தனையும் நின்றுகொண்டு எடுத்தவை. "இவங்க தங்க வர்றவங்க இல்லை, கேஸ் போடுறதுதான் இவங்க பொழப்பு" என்று ஓட்டல் வக்கீல் கோர்ட்டில் சொன்னார். கடைசியாகக் கடல் பார்த்தபோது அவளுக்குப் பன்னிரண்டு வயது. அன்றைக்கு நின்று பார்த்தாள்.

தீர்ப்பு அவள் பக்கம் வந்தது. மறுவாரம் ஓட்டல் மேனேஜர் பிலவேந்திரன் போன் செய்தார்.

"மேடம், கதவு அகலம், பாத்ரூம் கைப்பிடி எல்லாம் அளந்து சைட்ல போட்டாச்சு. வேற ஏதும் விட்டுப்போச்சா?"

"உட்கார்ந்து பார்த்தா ஜன்னல் வழியா கடல் தெரியுமா சார்?"

"பதினெட்டு வருஷமா இங்க இருக்கேன் மேடம். ரூம் நாற்காலில ஸ்டாஃப் உட்காரக் கூடாதுன்னு ரூல். லைன்லயே இருங்க, பார்த்துச் சொல்றேன்."

ஷூ சத்தம் நடந்தது. கதவு திறந்தது. நாற்காலி ஒன்று இழுபட, அவர் அதில் மெல்ல உட்காரும் மூச்சு கேட்டது. ஜன்னலைத் திறந்திருக்க வேண்டும், அலை இரைந்தது.

"தெரியுதா சார்?"

"இப்பதான் கடலைப் பார்க்கிற மாதிரி இருக்கு மேடம்" என்றார். எழுந்திருக்கவில்லை. போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள் தமயந்தி.