செவ்வாய்க்கு யார் வருகிறீர்கள்

அது எண்பத்தேழாம் வருஷத்துக் கோடை விழாவா, எண்பத்தெட்டா என்று அங்கப்பனுக்கு இப்போது நிச்சயமில்லை. மேடையில் பேசியவர்களின் பெயர்களும் மறந்துபோயின. மனைவி காவேரியின் கை மேலே போனது மட்டும் மறக்கவில்லை.

ஏற்காடு ஏரிக்கரையில் பட்டிமன்றம். மனிதன் வேறு கிரகத்தில் குடியேறலாமா, வேண்டாமா?

அவர்கள் வேலை பார்த்த செம்மநத்தம் காபி எஸ்டேட்டே காலியாகி அங்கே வந்து உட்கார்ந்திருந்தது. பனி இறங்கியும் ஒருவரும் எழுந்திருக்கவில்லை.

குடியேறலாம் என்ற கட்சி வெளுத்து வாங்கியது. ஜனம் பெருத்துவிட்டது, தண்ணீர் வற்றுகிறது, எவனாவது அணுகுண்டைப் போட்டால் மனிதப் பூண்டே மிஞ்சாது. விசில் பறந்தது.

வேண்டாம் என்ற கட்சியில் ஒரு சேலத்து வாத்தியார். "நீங்க எந்தக் கிரகத்துக்கு ஓடுனாலும், பக்கத்து ஊட்டுக்காரரும் மூட்டை கட்டிட்டுப் பின்னாடியே வந்துருவாருங்க!"

அங்கப்பன் வயிறு வலிக்கச் சிரித்தான். காவேரி சிரிக்கவில்லை. வாயைத் திறந்தபடி மேடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கடைசியில் நடுவர் எழுந்தார்.

"நாளைக்கே செவ்வாய்க் கிரகத்துக்கு வண்டி கெளம்புது. திரும்பி வர வண்டி கிடையாதுங்க. யாரு யாரு வர்றீங்க?"

கூட்டம் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தது. ஒரே ஒரு கை எழுந்தது.

காவேரியின் கை.

சேலம் பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்காதவள். முழங்கை மடங்காமல் நிமிர்ந்து நின்றது அந்தக் கை.

கரகோஷம் மலையில் மோதித் திரும்பியது. அங்கப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. இத்தனை பேரில் துணிந்தவள் தன் பெண்டாட்டி! அவளைத் தனியாக விட்டுவிடுவானா? துள்ளி எழுந்து இரண்டு கைகளையும் தூக்கினான்.

"நானும் வர்றனுங்க!"

காவேரியின் கை மெல்ல இறங்கி மடியில் உட்கார்ந்தது.

குடியேற வேண்டாம் என்று தீர்ப்பானது. செம்மநத்தம் திரும்பும் வழியெல்லாம் அங்கப்பன் வீட்டு ஆட்களை மனதுக்குள் எண்ணிக்கொண்டே வந்தான். எஸ்டேட் கொடுத்த ஒற்றை அறை லைன் வீடு. அம்மா, தம்பிகள் இருவர், பிள்ளைகள் மூவர், தான், அவள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காவேரியைத் தவிர எல்லோரையும் கிளப்பி ஏரிக்கு அழைத்துப் போனான். அதற்கடுத்த ஞாயிறும்.

செவ்வாய்க்கு யாரும் போகவில்லை. அம்மா போய்ச் சேர்ந்தாள். தம்பிகள் திருப்பூரில் இருக்கிறார்கள். பிள்ளைகள் கல்யாணமாகித் தனித்தனியே போய்விட்டார்கள். அங்கப்பனும் காவேரியும் இப்போது மலையடிவாரக் குப்பனூரில், இரண்டு அறை உள்ள வீட்டில்.

ஞாயிறு மத்தியானம் அவன் இன்னமும் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பிவிடுகிறான். எங்கே என்று அவள் கேட்டதில்லை. வாசல்வரை வந்து வழியனுப்பிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்கிறாள்.