பேர் வெளிய வராது

செருப்பை வாசலிலேயே கழற்றிவிட்டுக் குனிந்து உள்ளே வந்தவர், வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எல்லம்மாள் நீட்டிய தண்ணீரைத் தயங்காமல் வாங்கிக் குடித்தார். இருளர் வீட்டுச் சொம்பில் வாய் வைத்துக் குடித்த முதல் பேன்ட் சட்டைக்காரர் அவர்தான்.

"பேரு சதாசிவம்மா. மனித உரிமை அமைப்புலேர்ந்து வர்றேன். மேடம் அனுப்பினாங்க."

அந்த அமைப்புக்காரர்களுக்காகத்தான் அவள் காலையிலிருந்து காத்திருந்தாள். ரிசார்ட்டில் திருடினான் என்று அவள் மகன் பிரபாவைப் போலீஸ் இழுத்துக்கொண்டு போனது. மறுநாள் பிணமாகக் கொடுத்தார்கள். வலிப்பு வந்து செத்தானாம். பிறந்ததிலிருந்து அவனுக்கு ஒருநாளும் வலிப்பு வந்ததில்லை.

இருளர்களுக்கு இந்த நாட்டில் என்ன நடக்கிறது என்று ஓர் அறிக்கை எழுதி, உலக நாடுகள் கூடும் ஜெனீவா சபையில் வைக்கப்போவதாக வசுமதி மேடம் போனில் சொல்லியிருந்தார். அதில் பிரபாவின் பெயரும் இருக்குமாம்.

"ரிப்போர்ட்ல இது நிக்கணும்னா, கண்ணால பார்த்தவங்க வேணும்மா," என்றார் சதாசிவம். "ஸ்டேஷன்ல யாராவது பார்த்தாங்களா?"

எப்படி அடித்தார்கள், எங்கெங்கே காயம் என்று அவர் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதையெல்லாம் மறுபடியும் வாயால் சொல்ல வைக்காத நல்ல மனசு என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் பெயரைச் சொல்லத் தயங்கினாள்.

"பார்த்த ஆளு கீறாரு சார். புள்ளகுட்டிக்காரரு. வெளிய தெரிஞ்சா அவரையும் கொன்னுடுவானுங்க."

"பேர் வெளிய வராது. என்னை நம்பலாம்மா."

வாசலை எட்டிப் பார்த்துவிட்டு, அவள் குரலைத் தாழ்த்தினாள். "ஜெரோம். சதுரங்கப்பட்டினம் கோட்டைக்குப் பின்னால வூடு. குடிச்சிட்டு சண்டை போட்டாருன்னு அன்னிக்கு அவரையும் உள்ள வெச்சிருந்தாங்க. எம் புள்ள தண்ணி கேட்டு கத்தனதையும், அவனுங்க நெஞ்சுல மிதிச்சதையும் பார்த்துகினே இருந்தாரு சார்."

சதாசிவம் எழுந்து கைகூப்பினார். அவருடைய கார் வந்த வழியே திரும்பாமல் கோட்டைப் பக்கமாகப் போனது. கையோடு ஜெரோமையும் பார்த்துப் பேசிவிடுவார் போலிருக்கிறது.

மகன் போன பிறகு முதல்முறையாக அவளுக்கு நெஞ்சுப் பாரம் கொஞ்சம் இறங்கியது. உலை வைக்கப் போனபோது செல்போன் அடித்தது. வசுமதி.

"எல்லம்மாக்கா, வண்டி முட்டுக்காட்டுலயே நின்னுபோச்சு. சாயங்காலத்துக்குள்ள வந்துடறோம்."

"மெதுவா வாங்க மேடம், இன்னா அவசரம்? உங்க ஆளுதான் வந்து எல்லாத்தையும் கேட்டுகினு போயிட்டாரே."



"அக்கா... நாங்க யாரையும் அனுப்பலியே!"