அப்பா என்றொரு வயர்

என் மகள் கீபோர்டில் ஒரே ஒரு கட்டையை ஒரே ஒரு முறை அழுத்தினாள். அந்தச் சத்தம் எங்கள் ஹாலில் மூன்று நாள் நிற்காமல் ஒலித்தது.

கம்ப்யூட்டரைச் சரிபார்க்க வந்தவர் சிரித்தார். சிரிக்கட்டும்.

மூன்றாம் நாள் மாடி வீட்டு நாய் அதே சுருதியில் ஊளையிடப் பழகிவிட்டது என்றேன். தெருவில் போகும் கார்களெல்லாம் ஹாரனை அந்தச் சுருதிக்கு மாற்றிக்கொண்டன என்றேன்.

"அப்படி ஒண்ணும் நடக்கல." சமையலறையிலிருந்து என் மனைவியின் குரல்.

என் கதைகளில் அவள் கழிப்பது வழக்கம்தான். தொலைபேசி நிலையத்தில் ஒரே நிமிடத்தில் நூறு இணைப்பு கொடுத்தேன் என்றால் "நாலு" என்பாள். மேலதிகாரி என் காலில் விழுந்தார் என்றால் "படியில தடுக்கி" என்பாள். எப்படியும் எனக்கென்று ஒரு துண்டு மிச்சம் வைப்பாள். இந்தக் கதைக்கு மட்டும் மிச்சமே கிடையாது.

வந்தவருக்கு இந்த சங்கீத சாஃப்ட்வேர் புதிது. இது என்ன சார் என்று கேட்டுவிட்டார். என்னிடம் இப்படிக் கேட்டால் விடுவேனா?

கம்ப்யூட்டருக்குள்ளேயே ஓடும் வயர் இது. செம்பு கிடையாது. மழையில் நனையாது, எலி கடிக்காது. திரையில் ஒரு பெயரை அடித்தால் போதும், ஒரு வயர் பிறந்துவிடும். காலமெல்லாம் வயரைப் பிடுங்கிச் செருகியே ஓய்வு பெற்றவனுக்கு இதைவிட வேறு சொர்க்கம் எதற்கு?

மகளுக்கு வேறு ஊரில் விளம்பரங்களுக்கு இசை போடும் வேலை. அவள்தான் இங்கே ஒரு வயரை உண்டாக்கி, இணையம் வழியாகத் தன் கீபோர்டோடு முடிச்சுப் போட்டாள். அங்கே அவள் வாசித்தால் இங்கே என் கம்ப்யூட்டர் புல்லாங்குழலாகப் பாடும். அந்த நேரத்தில் என் மனைவி மிக்ஸி போடமாட்டாள். கேட்டால், "அரைக்க ஒண்ணும் இல்ல" என்பாள்.

இதில் ஒரு சூட்சுமம் உண்டு. வயரில் வருவது சத்தமல்ல, தகவல். இந்தக் கட்டையை அழுத்தினாள் என்று ஒரு தகவல் வரும். விரலை எடுத்தாள் என்று இன்னொரு தகவல் வரும். அந்த இரண்டாவது வந்து சேரும்வரை இங்கே புல்லாங்குழல் ஊதிக்கொண்டேதான் இருக்கும். மூச்சு முட்டாத புல்லாங்குழல்.

ஏதாவது கோளாறு என்றால், எல்லாவற்றையும் ஒரே அடியாக அடக்க ஒரு சிவப்பு பட்டனும் திரையில் உண்டு. பயமா இருந்தா அமுக்குங்க என்று எங்கள் இருவருக்கும் காட்டிக்கொடுத்திருந்தாள். நான் எதற்குப் பயப்படப் போகிறேன்?

ஒருநாள் மத்தியானம் முதல் தகவல் வந்தது. இரண்டாவது வரவில்லை.

எனக்கு ஒரே குஷி. "பாரு, உன் பொண்ணு பிடிச்ச பிடிய விடமாட்டேங்கிறா!" என்று சமையலறைப் பக்கம் கத்திவிட்டு, மாடி வீட்டுக்காரரை அழைத்துவர ஓடினேன். இவ்வளவு பெரிய விஷயத்துக்குச் சாட்சி வேண்டாமா?

வந்தவரிடம் இதற்கு மேல் சொல்லவில்லை. உங்களிடம் மறைப்பானேன்? மாடி வீட்டுக்காரர் சட்டையைத் தேடி மாட்டிக்கொண்டு இறங்கி வருவதற்குள் வீடு அமைதியாகிவிட்டது. சரி, ஒருவழியாக விரலை எடுத்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வந்தவர் திரையில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

"சார், வேண்டாததெல்லாம் எடுத்துட்டா வேகமா ஓடும். இங்க 'அப்பா'ன்னு ஒரு வயர் இருக்கு. எதோடயும் சேராம சும்மா கெடக்கு. தூக்கிடவா? உங்க பொண்ணு அடுத்த தடவ வாசிக்கிறப்ப புதுசா போட்டுக்கலாம்."

அந்தப் பெயரை வைத்தது அவள்தான்.

எந்தக் கேள்விக்கும் என் கைவசம் ஒரு கதை இருக்கும்.

அந்தச் சத்தம் கேட்ட நாள் சாயங்காலம் வந்த போனை நான் எந்தக் கதையிலும் சேர்ப்பதில்லை. கதவை உடைத்துத் திறந்தார்களாம். கீபோர்டின் மேலேயே சாய்ந்து கிடந்தாளாம். மத்தியானமே போயிருக்க வேண்டும் என்றாராம் டாக்டர்.

அதற்குப் பிறகு என் மனைவி மகளைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அழுதும் நான் பார்க்கவில்லை. சிலிண்டர் கொண்டுவருகிறவர் வரை எல்லோரிடமும் இந்த மூன்று நாள் கதையை நான் அவிழ்த்துவிடுவது எதற்காக? ஒரு தரமாவது அவள் வந்து இதில் கொஞ்சம் கழிக்கமாட்டாளா என்றுதான்.

மவுஸ் அந்தப் பெயரின் மேல் போய் நின்றது.

"அத விட்ருங்க தம்பி."

ஈரக் கையோடு என் மனைவி சமையலறை வாசலில் நின்றிருந்தாள். பேசியது அவரிடம். பார்த்தது என்னை.

"நடந்தது நெஜந்தான். மூணு நாளெல்லாம் இல்ல. குக்கர் ரெண்டு விசில் அடிக்கிற நேரம்."



"அவ விரல எடுக்கலங்க. சாப்பிடக்கூட எந்திரிக்காம வெளையாடிட்டு இருக்கான்னு எனக்குக் கோவம். நான்தான் வந்து அந்த செவப்பு பட்டன அமுக்கினேன்."