எண் இரண்டு

தளவாய் எழுந்தான், பல் துலக்கினான், பால் காய்ச்சினான். காபியை ஓரமாக வைத்துவிட்டு மடிக்கணினியைத் திறந்து, இறந்துபோன மனைவி செண்பகாவின் வாரிசுச் சான்றிதழுக்கு மனு அடிக்க உட்கார்ந்தான். 'வாரிசுகள்' என்ற தலைப்பின் கீழ் '1. தளவாய், கணவர்' என்று அடித்து எண்டரைத் தட்டினான். '2.' தானாக வந்து, ஒரு பெயருக்காகக் காத்து நின்றது. செண்பகாவோடு சேர்ந்தே போன குழந்தைக்கு அவர்கள் பெயர் வைத்திருக்கவில்லை. எண்களைப் புள்ளிகளாக மாற்றிப் பார்த்தான். இரண்டாம் வரியில் இப்போது ஒரு கறுப்புப் புள்ளி நின்றது. மறுபடி எண்ணுக்கே மாற்றினான்.

வாசலில் பைக்கை அணைக்காமலே மைத்துனன் இசக்கி கத்தினான்: "அத்தான், ஆச்சா? ஒத்தப் பேரு அடிக்க இம்புட்டு நேரமா? ஆபீசர் கிளம்பிருவாருல்லா!"

"இதுலேர்ந்து வெளிய வர முடியலடே."

வழி தெரியாமல் இல்லை. பிரசவத்தன்று ஆஸ்பத்திரி வராந்தாவிலும் மடிக்கணினியில் ஏதோ ஆபீஸ் அறிக்கையை வைத்துக்கொண்டு, இதே போலத் தானாக வந்து நின்ற எண்ணோடு அவன் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். பிரசவ அறைக்குத் தள்ளிக்கொண்டு போன ஸ்ட்ரெச்சரிலிருந்து எட்டிப் பார்த்து, சிரித்துக்கொண்டே செண்பகா சொன்னாள்:

"இன்னொரு தடவை எண்டரத் தட்டுங்க. அதுவே போயிரும்."