பச்சையைப் படித்த பேனா

எழுத்தெல்லாம் ஆடுகிறது என்று பேத்தி இசக்கிப்பிரியா பள்ளிக்கூடம் போவதையே விட்டுவிட்டாள். டீச்சரம்மா ஒரு பேனாவைக் கொடுத்தனுப்பினார். வரிமேல் ஓட்டினால் அது வாய்விட்டுப் படிக்குமாம். எவன் நம்புவான்? பாடத்தை உள்ளே அடைத்து வைத்திருப்பார்கள்.

"ஏட்டி, இதப் படிக்கச் சொல்லு, பாப்போம்." பொண்டாட்டி பேரைப் பச்சை குத்திய கையை நீட்டினேன்.

பேனா தோலில் ஊர்ந்தது. "பேச்சித்தாய்" என்றது.

"அடேயப்பா, பச்சை குத்துனவ என்னை ஏமாத்தல!"

பேத்தி என்னையே பார்த்தாள். "அப்ப ஒங்களுக்கும் படிக்கத் தெரியாதா, தாத்தா?"

"ஓரெழுத்துகூடத் தெரியாது, போ."

விழுந்து விழுந்து சிரித்தாள். சிரிப்பு அடங்குமுன்னே பையை மாட்டிக்கொண்டு, பேனாவோடு பள்ளிக்கூடத்தைப் பார்த்து ஓடினாள்.

"செருப்பைப் போட்டுட்டு ஓடு, மூதி!"